ஸ்லீவ் போடவே மாட்டேன் என்கிறார் அத்தை. என்னதான் செய்வது?

மல்லிப்பூ மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நிலக்கோட்டைப் பக்கம். என் அத்தைக்கு (கணவரின் அம்மா, வயது 58) வலது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்த்துத்தான் எடுத்தார்கள். அப்புறம் கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு). எல்லாம் முடிந்து அப்பாடா என்று உட்காரும்போது வலது கை வீங்க ஆரம்பித்தது.

முதலில் வளையல் இறுக்குகிறது என்றார். உடம்பு தேறுகிறது போல என்று விட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் சோப்பு நுரை போட்டுத்தான் வளையலைக் கழற்ற முடிந்தது. முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து, நோய் திரும்பவில்லை, இது லிம்ஃபெடீமா, நிணநீர் தேங்குவதால் வரும் வீக்கம் என்றார். பிசியோவிடம் அனுப்பினார்கள். அங்கே தினமும் அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டுவிட்டார்கள், வீக்கம் நன்றாகவே வடிந்தது. பிறகு ஒரு ஸ்லீவும் (கையை இறுக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக் உறை) அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்து, இனிமேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். தாளில் 17 விதிகள். எடை தூக்காதே, வெயிலில் நிற்காதே, ஊசி போடாதே, கொசு கடிக்க விடாதே. எங்கள் ஊரில் கொசுவிடம் யார் போய்ச் சொல்வது?

அத்தை ஸ்லீவை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். கேட்டால் ஒருநாள் வெயில் என்பார், ஒருநாள் அரிக்கிறது என்பார். தெருவில் ஒருத்தி, "என்னக்கா, யானைக்கால் மாதிரி யானைக்கையா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து முந்தானையால் கையை மூடிக்கொண்டுதான் வாசலுக்கே வருகிறார். இன்னொன்றும் இருக்கிறது. அவர் பூ கட்டுகிறவர். மார்க்கெட்டிலிருந்து மல்லி வந்ததும் வாழைநாரை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்லீவோடு வந்த கை உறை உள்ளங்கை வரைக்கும் வருகிறது. நார் ஈரத்தில் அது நனைந்து சொதசொதவென்று ஆகிவிடுகிறது. அதை நானே பார்த்தேன்.

என் கணவர் கத்துகிறார். இவ்வளவு செலவு பண்ணியும் கேட்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்கிறார். நான் கெஞ்சுகிறேன். அத்தையோ, "உசுரு பொழைச்சதே போதும், கை வீங்கினா வீங்கிட்டுப் போகட்டும்" என்கிறார். வீக்கம் பழையபடி ஏறிக்கொண்டே வருகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எப்படி அவர் மனதை மாற்றுவது?

---

சேலத்து ராஜி எழுதியது:

கவலைப்படாதீங்க தோழி. என் சித்திக்கும் இப்படித்தான். ஸ்லீவெல்லாம் வேண்டாம், மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி இறுக்கிக் கட்டுங்கள். ராத்திரி நல்லெண்ணெயைக் காய்ச்சி, தோளிலிருந்து விரல் வரை நல்லா அழுத்தி உருவி விடுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள். நீர் பிரிகிற மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், ஒரே வாரத்தில் வடிந்துவிடும்.

---

வைகைக்கரை பிசியோ எழுதியது:

ராஜி, அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த நாலும் இந்தக் கைக்கு ஆகாது. கிரேப் பேண்டேஜ் ரப்பர் மாதிரி நன்றாக இழுபடுவது. உட்கார்ந்திருக்கும்போதும் இறுக்கும், சுற்றுக்குச் சுற்று இறுக்கம் மாறி, கட்டுக்கு மேலும் கீழும் வீங்க வைக்கும். நாங்கள் கட்டுவது அதிகம் இழுபடாத வேறு வகைத் துணி. எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தால் சூட்டுக்கு ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடும். அழுத்தி உருவினால் தோலுக்கடியில் இருக்கிற மெல்லிய நிணநீர்க் குழாய்கள்தான் நசுங்கும். நீர் பிரிகிற மாத்திரை தண்ணீரை மட்டும் இறக்கும், தேங்கி நிற்கிற புரதம் அங்கேயே இருக்கும், அது மறுபடி தண்ணீரை இழுக்கும். வேறு வியாதிக்காக டாக்டர் கொடுத்திருந்தால் தொடரட்டும், இந்த வீக்கத்துக்காக வேண்டாம். தண்ணீரையும் குறைக்க வேண்டாம்.

இப்போது மருமகளுக்கு. மனதை மாற்றுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்த ஸ்லீவைப் பாருங்கள். கட்டுப் போட்டு வீக்கம் வடிந்த கைக்கு அளவெடுத்துக் கொடுத்தது அது. இப்போது வீக்கம் திரும்ப ஏறியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஸ்லீவ் இறுக்கும், முழங்கை மடிப்பில் சுருண்டு வெட்டும், அரிக்கும். அத்தை சொல்வது சாக்குப்போக்கு இல்லை, உண்மையான புகார். என்னிடம் வருகிறவர்களில் "போட மாட்டேன் என்கிறார்" என்று வீட்டார் குற்றம் சொல்லும் பலருக்கு, ஸ்லீவைக் கையில் ஏற்றிப் பார்த்தால் அளவே சரியாக இருக்காது. மறுபடி பிசியோவிடம் கூட்டிப்போங்கள். சில நாள் கட்டுப் போட்டு வடியவைத்து, புதிதாக அளவெடுக்க வேண்டியிருக்கலாம். விரல் மரத்தால், நீலம் பாய்ந்தால், உடனே கழற்ற வேண்டும். இதை முதலில் அத்தையிடமே சொல்லுங்கள்: "நீங்க சொன்னது சரிதான் அத்தை, அது உங்களுக்கு இறுக்குது." அவர் சொன்னதை ஒருவர் நம்பினாலே பாதிப் பேச்சு முடிந்த மாதிரி.

அடுத்தது, இது ஏன் வந்தது என்று யாராவது அவருக்கு உட்கார்ந்து சொன்னார்களா? அறுவை சிகிச்சைக்கு ஒரு தேதி உண்டு, கீமோவுக்குக் கடைசி நாள் உண்டு, கரண்டுக்கும் உண்டு. இதற்கு மட்டும் முடிவுத் தேதி இல்லை. அதுதான் ஆளை அசத்திவிடுகிறது. நான் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இப்படிச் சொல்வேன்: கையில் ஊறுகிற நிணநீர் அக்குள் வழியாகத்தான் வடிய வேண்டும். அங்கே நெறியை எடுத்தாயிற்று, கரண்ட் பட்ட இடம் இறுகியும் போயிற்று. மடையை அடைத்தால் கண்மாய்த் தண்ணீர் எங்கே போகும்? அக்கம்பக்கத்து வயலில்தான் ஏறி நிற்கும். ஸ்லீவும் பயிற்சியும் சின்னச் சின்ன வாய்க்கால் வழியாக அதைத் திருப்பிவிடுகிற வேலை. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. அத்தை ஏதோ செய்துவிட்டதால் வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரைண்டரைத் தூக்கியதால் வந்தது, குளிர்ந்த தண்ணீரில் துவைத்ததால் வந்தது என்று மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் நிறைய.

அழுத்தினால் குழி விழுகிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. பல மாதம், வருடம் என்று விட்டுவிட்டால் உள்ளே கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டியாகிவிடும், அழுத்தினாலும் குழி விழாது. அப்புறம் குறைப்பது பெரும்பாடு. இதைப் பயமுறுத்துகிற மாதிரி சொல்லாதீர்கள். பயந்தவர்கள் கையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

சரி, எப்படிப் பேசுவது? 1980களில் குடிப்பழக்கத்தை விட வந்தவர்களிடம் பேசுவதற்கென்று உருவான ஒரு முறை இப்போது பல நீண்டகால நோய்களுக்கும் பயன்படுகிறது. அதன் சாரம் சுலபம். நீங்கள் "போடணும்" என்று தள்ளத் தள்ள, எதிராளி "போட முடியாது" என்பதற்கான காரணங்களையே அடுக்குவார். அடுக்க அடுக்க அவருக்கே அது உறுதிப்பட்டுவிடும். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். உங்கள் கணவர் கத்துகிற ஒவ்வொரு முறையும் அத்தை பீரோவுக்கு இன்னொரு பூட்டுப் போடுகிறார். அதனால் கேள்வியை மாற்றுங்கள். "கை நல்லா இருந்தா என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அவர் யோசிக்கட்டும்.

நான் கேட்கிற இன்னொரு கேள்வி: "ஸ்லீவ் போடணும்கிற எண்ணம் பத்துக்கு எத்தனை இருக்கு?" மூன்று என்பார்கள். உடனே "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் பழைய புராணம் தொடங்கிவிடும். "ஒண்ணுன்னு சொல்லாம மூணுன்னு சொன்னீங்களே, ஏன்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் போடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும். என்னிடம் வந்த ஒரு அம்மா, இட்லிக்கடை நடத்துகிறவர், இந்தக் கேள்விக்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மக கல்யாணத்துக்கு அந்த அரக்குக் கலர் ரவிக்கை கையில ஏறணும்" என்றார். அவ்வளவுதான். தாளில் இருந்த விதிகள் ஒன்றும் அவரை அசைக்கவில்லை, ரவிக்கைதான் அசைத்தது. மாதம் ஒருமுறை அதைப் போட்டுப் பார்ப்பார். முதலில் கை முழங்கையோடு நின்றுவிட்டது. பிறகு மேலே ஏறியது, ஆனால் கொக்கி போட முடியவில்லை. கல்யாணத்தில் தையல் ஒன்றைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டார். எனக்கும் பத்திரிகை வந்தது.

17 விதிகளையும் ஒரே நாளில் சுமத்தாதீர்கள். ஒன்றே ஒன்று. அத்தைக்கு நான் தேர்ந்தெடுப்பது: பூ கட்டும் நேரத்தில் ஸ்லீவ். ஏனென்றால் ஸ்லீவ் போட்டபடி தசை வேலை செய்யும்போதுதான் நிணநீர் நன்றாகத் தள்ளப்படும். சும்மா படுத்திருக்கும்போது போடுவதைவிட அது மேல். ஈரப் பிரச்சினைக்கு வழி உண்டு. கை உறையும் ஸ்லீவும் தனித்தனியாக இருந்தால், புறங்கை வீங்காத பட்சத்தில், கட்டும்போது ஸ்லீவ் மட்டும் போதுமா என்று உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். புறங்கையும் வீங்குகிறது என்றால் உறை கட்டாயம், மேலே மெல்லிய ரப்பர் கையுறையை விரல் நுனி வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். முடித்ததும் விரலிடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும், ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், அது தொற்றுக்கு வாசல். ரோஜா கட்டுகிற நாளில் முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்துவிட வேண்டும்.

ஸ்லீவ் பற்றிச் சில விஷயங்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும், கை மெலிந்திருக்கும்போது போட வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு நீவினால் சுலபமாக ஏறும். மேல் விளிம்பை மடிக்கக் கூடாது, மடித்த இடம் கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும். இரவில் கழற்றிவிட வேண்டும். தேங்காய் எண்ணெயோ கிரீமோ அப்போது தடவட்டும், காலையில் தடவினால் ஸ்லீவ் வழுக்கும், துணியும் கெடும். தினம் கையால் துவைத்து, முறுக்காமல் நிழலில் காயப்போட வேண்டும். அதனால் இரண்டு வேண்டும். சுமார் 6 மாதத்தில் இழுவிசை போய்விடும், புதிது வாங்க வேண்டும். செலவுதான், மறுக்கவில்லை. உங்கள் கணவருக்குக் கத்துவதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்றால் அந்த இரண்டாவது ஸ்லீவை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இனி, தாளில் கிழிக்க வேண்டியவை. "எடை தூக்காதே" பழைய பயம். 2009ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. கை வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் 2 நாள், ஸ்லீவோடு, மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருடத்தில் வீக்கம் முற்றியது எடை தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கு, தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு. தூக்கியவர்கள் கைதான் நன்றாக இருந்தது. அதற்காக நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது. படிப்படியாக.

ஊசி, பிரஷர் விஷயம்: பாஸ்டனில் 632 பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016ல் வெளியிட்டார்கள். ரத்தம் எடுத்ததற்கும் பிரஷர் பார்த்ததற்கும் கை பெருத்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. உடல் எடை, நெறிகளை முழுதாக எடுத்தது, தோலில் வந்த தொற்று, இவை போன்றவைதான் தெரிந்தன. அத்தைக்கு ஏற்கெனவே வீக்கம் வந்துவிட்டதால் முடிந்த மட்டும் இடது கையைக் கொடுக்கட்டும். அவசரத்தில் வலது கையில் ஒரு ஊசி போட்டுவிட்டால் இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஒன்றுதான். கை திடீரென்று சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. டாக்டர் பார்க்கும் வரை கட்டும் வேண்டாம், நீவுவதும் வேண்டாம். அதேபோல வீக்கம் சட்டென்று பல மடங்கு ஏறினாலோ, புதிதாக வலி வந்தாலோ, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டாலோ புற்றுநோய் டாக்டரிடமே போக வேண்டும்.

தெருவில் கேட்ட அந்த அம்மாவுக்குப் பதில்: யானைக்கால் கொசு கடித்துப் பரவுகிற புழுவால் வருவது. இது ஆபரேஷனால் வந்தது, யாருக்கும் ஒட்டாது. இவ்வளவு விளக்கம் வாசலில் நின்று சொல்ல முடியாது. "ஆபரேஷன் ஆன கை, டாக்டர் உறை போடச் சொல்லியிருக்கார்" என்று ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். ஒன்றிரண்டு முறை சொன்னால் கேட்பவர்களுக்கே அலுத்துவிடும்.

கடைசியாக அளவு. ஸ்லீவ் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் வீக்கம் ஏறாமல் இருப்பதுதான் பலன். அது கண்ணுக்குத் தெரியாது. தையல் டேப்பை எடுத்து, மணிக்கட்டிலும், அதிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலேயும், 20 சென்டிமீட்டர் மேலேயும், இரண்டு கையையும் வாரம் ஒரே நாள் காலையில் அளந்து காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், அத்தை எழுதட்டும்.

---

ஒன்பதாம் வருஷம் எழுதியது:

நான் பொள்ளாச்சி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இடது கை. இந்தக் கையோடு எனக்கு இது ஒன்பதாவது வருஷம். பிசியோ அம்மா சொன்னதில் பெரும்பாலும் சரி, இரண்டு இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை.

ஒன்று, வாரா வாரம் அளப்பது. எனக்கு அது ஆகவில்லை. அரை சென்டிமீட்டர் கூடினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மாதம் ஒருமுறை, பௌர்ணமி அன்றைக்கு என்று வைத்துக்கொண்டேன். உங்கள் அத்தை எப்படிப்பட்டவர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நோட்டுப் போட்டுக் கணக்கெழுதுகிறவர் என்றால் வாரம், மனதில் போட்டு உருட்டுகிறவர் என்றால் மாதம்.

இரண்டு, "கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்" என்பது. நான் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டேன், வலது கையும் இடது கையும் ஒரே மாதிரி. ஸ்லீவ் உள்ளே இருக்கிறது. டெய்லரிடம் இடது கைக்கு மட்டும் ஒரு விரல் துணி உள்ளே கூடுதலாக விடச் சொல்லியிருக்கிறேன், தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். ஒளிக்கிறேன் என்று சிலர் சொல்லலாம். ஒளிக்கட்டுமே. என் கை, என் இஷ்டம்.

மருமகளே, உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது வருஷமாக எல்லா விதியையும் கடைப்பிடிக்கிற ஆள் நான் இல்லை. சித்திரை மாச மத்தியானத்தில் வீட்டில் இருந்தால் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுப்பேன். சமையல், பஸ் பயணம், தோட்ட வேலை என்றால் போடாமல் இருக்க மாட்டேன். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் போடுவேன், அவ்வளவுதான். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தால் முதல் வருஷமே விட்டிருப்பேன்.

நீவிவிடுவது ராத்திரி சீரியல் பார்க்கும்போது. கையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் வயிறு உப்ப நாலு மூச்சு. அப்புறம் கழுத்து, அப்புறம் நல்ல பக்கத்து அக்குள், நெஞ்சுக்குக் குறுக்கே, பிறகுதான் தோள், மேல்கை, கடைசியில் முன்கை. முன்னால் இருக்கிற இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் பின்னால் இருப்பதை நகர்த்துகிற கணக்கு. தோல் மட்டும் நகர வேண்டும், சதையை அமுக்கக் கூடாது. பூனைக்குட்டியைத் தடவுகிற அழுத்தம் கூட அதிகம். இதைப் படித்துவிட்டுச் செய்யாதீர்கள், ஒருதடவை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டார் செய்யக் கூடாத ஒன்று: "இன்னும் போடலையா?" என்று கேட்பது. என் வீட்டுக்காரர் ஆறு மாசம் அதைக் கேட்டார். ஆறு மாசமும் நான் வேண்டுமென்றே தாமதப்படுத்தினேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, ராத்திரி துவைத்த ஸ்லீவைக் காலையில் கொடியிலிருந்து எடுத்து காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். போட்டுக்கொண்டேன்.

அப்புறம் உங்கள் அத்தை சொன்னாரே, உசுரு பொழைச்சதே போதும் என்று. நானும் சொல்லியிருக்கிறேன். மார்பு போனதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் சொல்கிற வாக்கியம் அது. கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைப் பற்றி யாராவது அவரிடம் பேசினீர்களா?

---

மல்லிப்பூ மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை என்பதுதான் உண்மை.

நேற்றுச் சாயங்காலம் நானும் பூ கட்ட உட்கார்ந்தேன். எனக்கு அவ்வளவாக வராது, நான் கட்டினால் இடைவெளி விடும், அத்தை சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கேட்டுவிட்டேன், கை நல்லா இருந்தா என்ன செய்யணும்னு ஆசை என்று. பூ கட்டுவதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது முளைப்பாரி. எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து முளைப்பாரி தூக்குகிறவர். போன தடவை ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார், கும்மிச் சத்தம் கேட்டும் வாசலுக்கு வரவில்லை. எனக்கு அப்போது புரியவில்லை. தாளில் முதல் விதியே எடை தூக்காதே. இனிமேல் அவ்வளவுதான் என்று தானாகவே முடிவு கட்டியிருக்கிறார்.

அந்த 141 பெண்கள் கதையைச் சொன்னேன். "அமெரிக்காக்காரிக்கு என்ன, கறி திங்கிறா" என்றார். ஆனால் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

பத்துக்கு எத்தனை என்றும் கேட்டேன். மூன்று என்றார், நீங்கள் எழுதின மாதிரியே. ஏன் ஒன்று இல்லை என்றேன். "ஒண்ணுன்னு சொன்னா நீ அழுவ" என்றார். இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாமா பிசியோ அம்மா?

இன்னொரு சந்தேகம். அவருக்கு வலது கை காதுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. தலை சீவக்கூட இடது கைதான். இந்தக் கையோடு அடுத்த திருவிழாவுக்கு முளைப்பாரி நடக்கிற காரியமா? அவரிடம் வீண் ஆசை காட்டக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

---

வைகைக்கரை பிசியோ எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மருமகள் அழக்கூடாது என்பதும் ஒரு காரணம்தான்.

நடக்கிற காரியமா என்று கையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் நடக்காது என்று சொல்லவும் எந்தக் காரணமும் தெரியவில்லை. கை காதுக்கு மேல் ஏறாதது வீக்கத்தால் மட்டும் இருக்காது. ஆபரேஷன் தழும்பும் கரண்டும் சேர்ந்து நெஞ்சுப் பக்கத்துச் சதையை இறுக்கியிருக்கும். அக்குளிலிருந்து முழங்கை வரை நரம்பு மாதிரி ஒரு இழை விடைத்துக்கொண்டு தெரிகிறதா என்று பாருங்கள். சிலருக்கு அப்படி வரும், பயிற்சியில் சரியாகும். பிசியோவிடம் போகும்போது வீக்கத்தோடு தோளையும் காட்டுங்கள். முளைப்பாரியைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். என்னவோ கேட்கிறாளே என்று வெட்கப்பட வேண்டாம். எதற்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று தெரிந்தால்தான் பயிற்சியை அதற்கேற்ற மாதிரி அமைக்க முடியும்.

அதுவரை வீட்டில்: சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களால் சுவரில் மேலே மேலே நடக்கவிட்டு, இழுக்கிற இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும். வலிக்கிற வரை போக வேண்டாம். எட்டின இடத்தில் அத்தையே கரித்துண்டால் ஒரு கோடு போடட்டும். இன்னொன்று, படுத்துக்கொண்டு இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது. கை வலி இல்லாமல் தலைக்கு மேல் வந்த பிறகுதான் சுமை. முதலில் வெறும் பிளாஸ்டிக் தட்டு, அப்புறம் வெறும் சட்டி, அப்புறம் கால் சட்டி மண். ஸ்லீவ் போட்டுத்தான். ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நாள் நின்று, கை கனக்கிறதா, மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. கூடியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும், நிறுத்திவிட வேண்டாம்.

முளைப்பாரிச் சட்டி உங்கள் ஊரில் என்ன எடை இருக்கும், எவ்வளவு தூரம் நடப்பார்கள், வெயில் ஏறின பிறகா சாயங்காலமா, இதையெல்லாம் அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். மண்ணுக்குப் பதில் வைக்கோலும் எருவும் கூடுதலாகப் போட்டால் சட்டி இலேசாக இருக்கும், எங்கள் ஊரில் வயதானவர்களுக்கு அப்படித்தான் போடுவார்கள். கோயில் முறைப்படி அது சரியா என்று அத்தைதான் சொல்ல வேண்டும்.